பட்டறை வீடு

ஒருவருக்கு எது நல்லது என்று நாம் முடிவு செய்துவிட்டால், அவரே சொல்வதும் ஏன் நம் காதில் ஏறுவதில்லை? ஞானசிகாமணியின் வாழ்க்கை விட்டுச்சென்ற கேள்வி இது.

தேனியில் அவருக்கு வெங்காய மண்டி. வீடு அதன் பின்கட்டு. மண்டித் தூசியில் மனைவி சுகிர்தத்துக்கு இழுப்பு கண்டது. நல்ல காற்று வேண்டும் என்றார் டாக்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் கம்பத்துக்கு அருகே தோட்டம் வாங்கி, வீட்டின் வரைபடத்தை ஞானசிகாமணி தானே போட்டார். அவர் அறிந்த நல்ல காற்று, வெங்காயத்தை அழுகாமல் அடுக்கிவைக்கும் பட்டறைக்குள் வீசுவதுதான். அதனால் கல்தூண்களின் மேல் தரை, மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு நேர் எதிராக, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய மேற்குச் சுவர். உள்ளே சிமெண்டுத் தரை, குழாய், மின்விசிறி.

கொத்தனார் சின்னச்சாமி சிரித்தார். "மொதலாளி, அம்மாவையும் சாக்குல போட்டு அடுக்கப் போறீகளா?"

முதல் வருடம் சுகிர்தம் நன்றாகவே தூங்கினாள். ஊர்க்காரர்கள் வந்து வீட்டைப் பார்த்துப் போனார்கள். அடுத்த வருடம் மேற்குச் சுவரை ஒட்டித் திராட்சைப் பந்தல் போட்டார் ஞானசிகாமணி. ஆடிச் சாரல் விட்ட மறுநாளெல்லாம் கொடிக்கு மருந்தடிக்க வேண்டும். காற்று அந்த மருந்தை நேராக அவள் கட்டிலுக்குக் கொண்டுவந்தது.

"மேக்குச் செவத்த மட்டும் பூசி அடச்சிருங்க."

"அடச்சா ஒனக்கு மூச்சு முட்டும், சுகிர்தம். இங்கன வெங்காயம் வச்சாக்கூட அழுகாது."

"வெங்காயம் இருமாதுல்ல."

அவரும் சிரித்துவிட்டார். சுவரைத் தொடவில்லை. அவள் இருமலுக்குத் தேனியின் பழைய தூசியைக் காரணம் சொன்னார். அதை அவர் உண்மையாகவே நம்பினார் என்பதுதான் கொடுமை. மூன்றாம் ஆடியில், மருந்தடித்த ஒரு பகலில் இழுப்பு முற்றி, கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் ஜீப்பிலேயே சுகிர்தம் இறந்தாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் சின்னச்சாமி, யாரும் கூப்பிடாமலே சுண்ணாம்பும் மணலும் கொண்டுவந்து மேற்குச் சுவரின் அருகே இறக்கினார். "வேணாம், எடுத்துட்டுப் போ" என்றார் ஞானசிகாமணி. பந்தலையும் அவர் பிரிக்கவில்லை.

அடுத்த முறை மருந்தடிக்க ஆள் வந்த காலையில், உள்ளறையிலிருந்து தன் கட்டிலை இழுத்து வந்து, அவள் கட்டில் கிடந்த இடத்தில் போட்டார். மேற்கே முகம் வைத்துப் படுத்தார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். மருந்தடித்து முடியும்வரை எழமாட்டார்.