நாணலுக்குக் குரல் கொடுத்தவர்

டப்பிங் கூடத்தில் அவரைக் கும்பல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாகப் படங்களிலும் தொடர்களிலும் வரும் கூட்டத்துக்கெல்லாம் அவர்தான் குரல். சந்தை இரைச்சல், ஆஸ்பத்திரி வராந்தா, தீப்பிடித்த கட்டடத்திலிருந்து அலறி ஓடும் ஜனம் எல்லாம் அவர்தான். கதாநாயகிக்குப் பின்னால் நின்று சிரிக்கும் நான்கு தோழிகளில் மூன்று பேர் அவர். நான்காவது தோழிக்கு இரண்டு வரி வசனம் இருந்துவிட்டால் அதைப் பேச வேறொருவர் வருவார்.

நான் அங்கே பிறமொழித் தொடர்களுக்குத் தமிழில் எழுதித் தரும் வேலையில் சேர்ந்தேன். என் பெயர் ஒரே வாரத்தில் 'வசனம்' ஆகிவிட்டது. முதல் நாள் ஒரு கலகக் காட்சி. கூட்டத்துக்கு, 'அடி, விடாதே' என்று எழுதியிருந்தேன். அக்கா காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன வசனம், எல்லாரும் இதையேவா கத்துவாங்க? இது கும்பல் இல்ல, வாய்ப்பாடு ஒப்பிக்கிற வகுப்பு. கும்பல்னா ஒருத்தியாவது சம்பந்தமில்லாம எதையாவது சொல்லணும். அப்பதான் நம்புவாங்க."

மைக் முன்னால் போய் ஆறு விதமாக "அடி" என்று கத்தினார். ஏழாவது முறை, "ஐயோ, என் செருப்பைக் காணோமே!" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிறவர், எல்லாருக்கும் 'சவுண்டு', வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொடர் ஒளிபரப்பானபோது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். செருப்பு இருந்தது. தெரிந்து கேட்டவர்களுக்கு மட்டும்.

அவர் குடியிருந்தது ஒரு சலவைக் கடையின் மேல்மாடியில், ஒற்றை அறை. ஒருமுறை காகிதம் கொடுக்கப் போயிருந்தேன். கீழிருந்து இஸ்திரிப் பெட்டியின் சூடு தரை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு நாற்காலிகள், ஒன்றில் மடிக்காத துணி. நான் வந்ததும் துணியை அள்ளிக் கட்டிலில் போட்டார். நாற்காலியின் பிரம்பு தொய்யாமல் புதிதாக இருந்தது. தம்பி ஒருவர் வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்தார். டிவியில் எந்தப் படத்தில் யார் அலறினாலும் அவர் வீட்டுப் பிள்ளைகள், "அதோ அத்தை!" என்பார்களாம். அதை அக்கா நான்கு முறை சொன்னார்.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். தனியாக இருக்கிற மனுஷி, தன்னைப் பற்றிப் பேசும்போது 'நான்' என்று சொல்வதே இல்லை. "சரி, நாம டீ போடுவோம்" என்று எழுந்தார். "நமக்குக் காலைல இருந்து தலைவலி" என்றார். வம்பில் மாட்டாமல் இருக்க எல்லாரும் சொல்கிற 'நமக்கு எதுக்கு' மாதிரிதான் அதுவும். ஆனால் அவர் டம்ளரைக் கழுவும்போதுகூட அப்படியே பேசினார்.

அந்த வருடம் ஒரு பழைய விஞ்ஞான நாவலின் தொலைக்காட்சித் தொடர் எங்களிடம் வந்தது. நாவலுக்கு வயது எழுபது. ஆளில்லாத ஒரு கிரகத்தை அளக்கப்போன ஒருவன் அங்கே மாட்டிக்கொள்கிறான். கிரகம் முழுக்க நாணல். எத்தனை கோடித் தண்டுகள் இருந்தாலும் மனம் ஒன்றுதான். அது அவனோடு பேசுகிறது. ஆறு பாகம்.

நாணலின் குரலுக்கு ஆள் தேடியபோது, டப்பிங் இயக்குநர், நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், தலையில் அடித்துக்கொண்டார். "கோடிப் பேர், ஆனா ஒரே ஆளு. இத்தனை வருஷமா அதைத்தானேய்யா அந்தம்மா பண்ணிட்டிருக்கு!"

அக்கா ஒவ்வொரு வரியையும் பன்னிரண்டு முறை பேசுவார். கிசுகிசுப்பாக, கிழவியாக, குழந்தையாக, மூச்சு மட்டுமாக. சவுண்டு பன்னிரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். முதன்முதலில் அதைப் போட்டுக் காட்டியபோது அக்கா ஹெட்போனைக் கழற்றவேயில்லை. "இவ்வளவு பேரா!" என்றார்.

ஐந்து பாகம் முடிந்தது. ஆறாவதுக்கு முன்னால், தொடரை ஒளிபரப்பும் சேனலின் அதிகாரி, எங்களுக்கு மேடம், ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கடைசிப் பாகத்தில் நாணல் ஒரு பக்கத்துக்கு மேல் பேசுகிறது. அதற்குப் பெயர் தெரிந்த ஒரு நடிகையின் குரல் இருந்தால் விளம்பரத்துக்கு நல்லது. சார் மன்றாடி, அக்கா ஒருமுறை பேசட்டும், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சம்மதம் வாங்கி வந்தார். மேடத்துக்குப் பிடிக்காவிட்டால் அக்கா மறுபடி சந்தை இரைச்சலுக்குப் போக வேண்டியதுதான்.

கடைசிக் காட்சியில், மீட்க வந்த கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. வெள்ளம் ஏறுகிறது. நாணல் சொல்லும் கடைசி வரியை நான் இப்படி எழுதியிருந்தேன்: 'வெள்ளம் வடியும். நாங்கள் நிமிர்வோம்.'

அக்கா, "வெள்ளம் வடியும். நாம் நிமிர்வோம்" என்று பேசினார். பன்னிரண்டு முறையும்.

நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. கேட்கவந்த மேடம்தான் கையைத் தூக்கினார். "கடைசில என்ன சொன்னாங்க?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாய் தவறிடுச்சு மேடம்."

"மூலத்துல எப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்டார் மேடம்.

மூலத்தின் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்றேன். அவனையும் சேர்த்துச் சொல்கிறதா, விலக்கிச் சொல்கிறதா என்பதை நாவலாசிரியர் அப்படியே விட்டுவிட்டார். தமிழில் விட முடியாது. ஐந்து பாகமும் அது அவனை விலக்கியே பேசியதால் நான் 'நாங்கள்' என்று எழுதினேன்.

"அந்தச் சொல்லையே எடுத்துட்டா?" என்றார் சார்.

"அங்க நாணல் ஒருதடவை சாஞ்சு நிமிருது சார். சொல் இல்லைன்னா படம் ஊமையாத் தெரியும்" என்றார் சவுண்டு.

மேடம் கைப்பையை எடுத்தார். "புத்தகம் படிச்சவங்க சண்டைக்கு வருவாங்க. 'நாங்கள்'னே போகட்டும். குரல் நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கே மாத்திக் குடுங்க, நடிகை வேண்டாம்னு சொல்லிடறேன். மாத்தலைன்னா அவங்களை வரச் சொல்லிடுவேன். மத்தியானம் வந்து கேக்கறேன்."

அவர் போனபின் அக்கா தண்ணீர் குடித்தார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வாய் தவறினது மொத தடவை மட்டும்தான், வசனம். பாவம், கப்பலும் போயிடுச்சு. அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு 'நாங்கள்'னு எப்படிச் சொல்றது?"

"அக்கா, இது உங்க கைக்கு வந்த வேஷம்."

"தெரியுது."

உள்ளே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள், நாங்கள், நாங்கள். எட்டு முறை சொல் பிசகவில்லை. ஒன்பதாவது முறை, குழந்தைக் குரலில், திரையில் அவன் முகம் பெரிதாக வந்தபோது, "நாம் நிமிர்வோம்" என்றார். நிற்காமல் பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் 'நாங்கள்' என்று பேசி முடித்தார்.

சவுண்டு பித்தானை அழுத்தினார். "அக்கா, அந்த ஒம்பதாவது..."

"கும்பல்ல ஒருத்தி, தம்பி."

சவுண்டு என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். "ரெண்டு நாளா எனக்குக் காது அடைப்பு," என்று சொல்லிவிட்டு அவர் பன்னிரண்டையும் அடுக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இப்ப சரி," என்றார். நடிகை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கடைசிப் பாகம். சனிக்கிழமை படியிறங்கும்போது அக்கா, "வீட்டுக்கு வர்றியா? சும்மாதான்" என்று கேட்டார். "பார்க்கறேன் அக்கா" என்றேன். போகவில்லை. பிறர் வீட்டில் உட்கார எனக்கு வராது. விடுதி அறையில் தனியாகப் பார்த்தேன். கப்பல் போனது. வெள்ளம் ஏறியது. நாணல்கள் எல்லாம் சேர்ந்து பேசின. அந்தச் சொல் வந்த இடத்தில், அத்தனை குரல்களுக்கும் கீழே, ஒரு சின்னக் குரல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் முன்னதாகவே முடிந்துபோனது. 'நாம்' சின்னச் சொல்.

சிறிது நேரத்தில் அவரே போன் செய்தார்.

"உங்க தம்பி வீட்டுல பாத்தாங்களா அக்கா?"

"எங்க... பிள்ளைகளுக்குப் பரீட்சையாம். அப்புறமாப் பாப்பாங்க." பின்னால் அவர் வீட்டு டிவியில் ஏதோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. "உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அக்கா."

"தெளிவாவா?"

"தெளிவா."

டிவியை நிறுத்தினார் போலிருக்கிறது. விளம்பரச் சத்தம் நின்றுபோனது.

"அப்ப சரி," என்றார் அக்கா. "நமக்கு அது போதும்."

அந்த 'நமக்கு' அவருடைய வழக்கமான 'நமக்கு'தானா, இல்லை என்னையும் சேர்த்தா என்று கேட்டிருக்கலாம். நாளைக்குச் சந்தைக் காட்சி, ஒன்பது மணிக்கே வரணும் என்று மட்டும் சொன்னேன். "நாம வந்துடுவோம்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.