தெம்புக்கு ஒரு தம்ளர்

டிப்போவில் அவருக்கு 'அலாரம்' என்று பெயர். பதினெட்டு வருடம் ஒரு நிமிடம் பிந்தாமல் பஸ் எடுத்த டிரைவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் புற்று வந்து, இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டு, உணவுக்குழாயை நேராகக் குடலோடு சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள்.

"வயிறே இல்லாம பொழைக்க முடியுமா டாக்டர்?" என்று அவர் மனைவி கேட்டாள்.

பிழைக்கலாமாம். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிட வேண்டுமாம்.

அவள் தையற்காரி. எட்டு மாதத்தில் அவருடைய யூனிஃபார்ம் பேண்ட்டின் இடுப்பை மூன்று முறை பிடித்துத் தைத்தாள். கடைசி முறை பின்பாக்கெட் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. "ஆளே பாதிதான், ஒரு பாக்கெட் போதும்டி" என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பா வரும்? குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஆளைத் தேற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் மூன்று கரண்டி குளுக்கோஸ் கலந்து ஒரு தம்ளர் கொடுத்தாள். குடித்த கால் மணி நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்துவிடுவார். ஐயோ, இவ்வளவு பலவீனமா என்று மூன்று கரண்டியை ஐந்தாக்கினாள்.

ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் இனிப்பு அறவே கூடாது என்று இருந்ததுதான். படிக்கவும் படித்தாள். இவருக்குத்தான் நீரிழிவு இல்லையே, அது வேறு யாருக்கோ எழுதிய வரி என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? டாக்டரிடம் மயக்கத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அவரும் சத்தியம் வாங்கியிருந்தார். தெரிந்தால் பஸ்ஸைத் தர மாட்டார்களே!

விடுப்பு முடியும் நாளில் அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் ஓய்வு பெறும்வரை அலுவலக நாற்காலிதான். "டிரைவர் சீட்ல மட்டும் உட்கார்ந்துட்டேன்னு வை, எனக்கு ஒரு வியாதியும் கிடையாது" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று காலை டிப்போ வாசலில் ஃபிளாஸ்க்கைத் திறந்து தம்ளரை நீட்டினாள். "தெம்பா இருக்கும், குடிங்க."

"இப்ப வேணாமே."

"எனக்காக."

கடிகாரத்தைப் பார்த்தார். குடித்தார். அதிகாரி பத்து நிமிடம் தாமதமாக வந்தார்.

பஸ் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்றின் பாதியிலேயே விளக்கைப் போட்டு, ஓரங்கட்டி, ஒழுங்காக நின்றது. வேர்வையில் நனைந்த சட்டையோடு, கதவைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார். பிற்பகலுக்குள் நாற்காலி வேலைக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேட்டுவிட்டு உணவு ஆலோசகர் அம்மா, "நேத்து காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். மனைவி வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"குளுக்கோஸ் தண்ணிம்மா. நானேதான் கலக்கிக் குடிச்சேன். இவ வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா."

"இரைப்பை இல்லாதவங்களுக்கு இனிப்பு நேரா குடல்ல போய் இறங்கும். மயக்கம் வராம என்ன செய்யும்? நிறுத்தினா அனேகமா சரியாயிடும். உங்க சம்சாரம் சொல்றதையாவது கேட்கக் கூடாதா?"

செய்யாத குற்றத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு அவர் திட்டு வாங்கினார். அவளுக்குத் தலையில் இடி விழுந்தது.

தெருவுக்கு வந்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க பொய் சொன்னீங்க? உங்க பஸ்ஸை நான்தானே பிடுங்கிட்டேன்?"

"தைச்ச துணியைக் கொடுக்க நீ வெளிய போற நாள்ல நான் அதைக் குடிக்க மாட்டேன். அன்னிக்கு மயக்கமும் வராது. நாலு மாசமா எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க? நேத்துமா?"

"கால் மணி நேரத்துல ஓட்டி முடிச்சிடலாம்னு கணக்குப் போட்டேன். அந்தாளு லேட்டா வந்துட்டாரு."

"இதுதான் காரணம்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

அவர் அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தார். "நாள் பூரா அழுத மூஞ்சியா இருப்ப. அந்தத் தண்ணியைக் கலக்குறப்ப மட்டும்தான் உன் முகம் கொஞ்சம் நல்லா இருந்துச்சு."

நட்டநடுத் தெரு என்றும் பாராமல் அவள் வாய்விட்டு அழுதாள்.