கிணற்றடியில் இரண்டு அமெரிக்கர்கள்

பிள்ளைகளா, வறுத்த வேர்க்கடலையை அம்மியில் நசுக்கும்போது வருகிற அந்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் அமெரிக்காதான் ஞாபகம் வருகிறது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எழுபதுகளில், நான் நாலாம் வகுப்பு படித்தபோது, செங்கம் ரோட்டில் இருந்த எங்கள் வீட்டின் பின்பக்கத்து அறையில் டேனி என்கிற அமெரிக்கர் இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தார். எங்கள் ஊர்ச் சாமி மலையைச் சுற்றிக் கும்பிட வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். என் அம்மாவின் அம்மியில் தானே கடலையை அரைத்து, உப்புப் போட்டு, ரொட்டியில் தடவித் தின்பார். அம்மா அதற்கு "வெள்ளக்காரத் தொவையல்" என்று பேர் வைத்திருந்தாள். தமிழ் ஓரளவு பேசுவார். எல்லாரையும் "வாங்க, போங்க" என்பார், எங்கள் ஆட்டையும் சேர்த்து.

ஒரு நாள் மத்தியானம் அவருடைய தம்பி ஸ்டீவ் வந்து இறங்கினார். ஒரு காலை விந்தி விந்தி நடந்தார். தங்கள் அப்பா செத்து ஒரு மாசம் ஆகிறது என்று சொல்லத்தான் அத்தனை கடல் தாண்டி வந்திருந்தார். சொன்னதோடு சரி. அதற்குமேல் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் சாயங்கால பஸ்ஸில் தம்பி கிளம்புவதாக இருந்தது. இப்படியே போய்விட்டால் அங்கே இருக்கிற தாய்க்குப் பெரிய பிள்ளை இல்லை என்றே ஆகிவிடும் என்று அம்மா தவித்தாள்.

அவளுக்கு இது பங்காளிச் சண்டையாகத்தான் தெரிந்தது. டேனியைக் கூப்பிட்டு, "எத்தினி காணி தகராறு தம்பி?" என்று கேட்டாள்.

"நெலம் இல்லீங்க. யுத்தம்" என்றார் அவர்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருடைய அப்பா பத்து வயசில், மாற்றுத் துணிகூட இல்லாமல், வேறு தேசத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலில் வந்தவராம். வந்தவனுக்குச் சோறு போட்ட நாடு கூப்பிட்டால் கேள்வி கேட்காமல் போக வேண்டும் என்பது அந்த மனுஷர் எண்ணம். வியட்நாம் யுத்தத்துக்குக் கூப்பிட்டபோது தம்பி போனார், காலில் குண்டடி பட்டார். அண்ணனோ அது அநியாய யுத்தம் என்று மறுத்துவிட்டு நாட்டை விட்டே வந்துவிட்டார். திரும்பிப் போனால் ஜெயில். அவர்கள் வீடு மட்டுமில்லை, அந்த நாடே அப்போது அப்படி இரண்டாகக் கிடந்ததாம்.

நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு தலைமுறையாகக் கீழ்பென்னாத்தூர் மண்ணை உழுத எங்கள் குடும்பத்தில் வரப்புக்காகச் சண்டை வந்திருக்கிறது, நாட்டுக்காக வந்ததில்லை. நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவர் வீட்டிலோ, அந்த நாட்டுக்கு எப்படி உண்மையாக இருப்பது என்று இப்படி ஒரு சண்டை. என் அப்பாவும் அசந்துபோய், "வந்து ஒரு தலமுறைதான் ஆச்சு, அதுக்குள்ள இவ்ளோ பாசமா?" என்றார்.

"எங்க நாடுங்க. அதனாலதான் தப்புனு சொன்னேன்" என்றார் டேனி.

மறுநாள் காலை அம்மா இருவரையும் கிணற்றடிக்கு வரச் சொன்னாள். தகப்பன் செத்த சேதி எத்தனை நாள் கழித்து வந்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். "கூடப்பொறந்தவன் கையாலதான் ஊத்திக்கணும். இல்லன்னா இன்னிக்கு இந்த வூட்ல அடுப்பு எரியாது" என்று அவள் மேலே சேர்த்தது எந்த ஊர் வழக்கத்திலும் கிடையாது. அப்பாவுக்கு அது தெரியும், ஆனாலும் ராட்டினத்தில் கயிற்றை மாட்டிக் கொடுத்தார்.

டேனி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். ஸ்டீவ் அந்தக் காலோடு கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்று, பழக்கமில்லாத கையால் ராட்டினக் கயிற்றை இழுத்து, ஒரு வாளி ஊற்றினார். இரண்டாவது வாளி ஊற்றினார். மூன்றாவது வாளியைப் பாதியில் நிறுத்தி என்னவோ கேட்டார். அப்பா சாகும்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்டாராம். இது டேனி எங்களுக்குப் பிறகு சொன்னது. நனைந்த தலையோடே அண்ணன் பதில் சொன்னார். அப்புறம் இரண்டு குரலும் ஏறின. கிணற்றடியில் ஆரம்பித்தது சோற்று இலை முன்னாலும் நிற்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "கத்தட்டும் வுடு. இப்பவாவது பேசறாங்க இல்ல?" என்றாள்.

யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் தம்பியின் பையை அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போனார். பஸ் நகருகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாதாடினார். அடுத்த வருஷம், யுத்தத்துக்குப் போக மறுத்தவர்களை அந்த அரசாங்கம் மன்னித்த பிறகு, டேனி ஊர் திரும்பினார். விமான நிலையத்துக்குத் தம்பி கார் கொண்டு வந்ததாகவும், வீடு போய்ச் சேருவதற்குள்ளேயே சண்டை ஆரம்பித்துவிட்டதாகவும் சந்தோஷமாகக் கடிதம் எழுதினார்.

இப்போது அந்த அறை இல்லை. கிணற்றை மூடிச் சிமெண்டு போட்டு, அதன்மேல் ஒரு லாட்ஜ்காரர் ஸ்கூட்டர் நிறுத்துகிறார். உங்கள் பெரியப்பாவும் நானும் போன தேர்தலில் ஆளுக்கொரு கொடி பிடித்து, பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. அது உங்களுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் நான் மட்டும் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறியது தெரியாது. அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாலு வருஷத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்தேன்:

"அண்ணா, உங்க ஆளுங்க பண்ணது தப்புதான்."