சுவர் விரிசல் விட்டால்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. பொறுப்புத் தலைமையாசிரியையாம், பதவி நிலைக்க நிர்வாகத் தேர்வு எழுத வேண்டுமாம். மடியில் வைத்திருந்த வினா-விடைப் புத்தகத்தில் விடையைப் பென்சிலால் குறிப்பார், கடைசிப் பக்கத்தில் சரிபார்ப்பார், அழிப்பார்.

‘பள்ளிச் சுவர் விரிசல் விட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன?’ பிள்ளைகளை அங்கே விடாமல் தடுப்பது என்று குறித்திருந்தார். மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுவதுதான் சரியான விடையாம்.

"நீங்க போட்டதுதானே மேடம் சரி?" என்றேன்.

"எங்க ஸ்கூல் சுவருக்கே மூணு லெட்டர் போட்டாச்சு சார். ஒருத்தரும் வந்து பாக்கல. ஆனா பாஸாவணுமே" என்று சொல்லி அழித்தார்.

இறங்கும்போது புத்தகத்தை வைக்கப் பையைத் திறந்தார். உள்ளே புது நைலான் கயிறு ஒரு கட்டு இருந்தது.

அந்தச் சுவரைச் சுற்றிக் கயிற்றை எவ்வளவு தாழக் கட்டினாலும் பிள்ளைகள் குனிந்து போய்விடுவார்களே என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.