பசி விட்டுப்போன மாதங்கள்

ஆய்வில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு எனக்குப் பசி விட்டுப்போனது. செகந்திராபாத்தை ஒட்டிய தார்நாகாவில் ஆய்வுக்கூடம், பக்கத்திலேயே ஹப்சிகுடாவில் வாடகை அறை. எலிகளின் ரத்தத்தில் ஹார்மோனை அளப்பது என் வேலை. அளவுகள் ஒத்துவரவேயில்லை. வழிகாட்டி என் அறிக்கையை மூன்று முறை திருப்பி அனுப்பினார். ஆறு மாதத்தில் முடியாவிட்டால் ஊருக்கு வந்துவிடச் சொல்லி அப்பா எழுதினார்.

முதலில் சாப்பிட மறந்துதான் போனேன். பிறகு மறப்பதில் ஒரு ருசி வந்தது. எல்லாம் கைமீறிப் போனபோது தட்டு மட்டும் என் பேச்சைக் கேட்டது.

அந்த நாட்கள் தண்ணீருக்கடியில் பார்த்தவைபோல நினைவிருக்கின்றன. சாலையோர மரநிழலில் நடந்தால் கால் தரையில் படுவதே தெரியாது. பஸ் ஹாரன் எங்கோ தொலைவில் கேட்கும். ஏப்ரல் வெயிலிலும் குளிரெடுத்து ஸ்வெட்டர் போட்டிருந்தேன். உடம்பே இல்லாததுபோல் சுகமாக இருந்தது.

அறைத்தோழி செகந்திராபாத்தில் வளர்ந்த தமிழ்ப்பெண், டைப்பிஸ்ட். ஒருநாள் கொடியைப் பார்த்தபடி கேட்டாள்.

“ஏண்டி, நாலு மாசமா நீ தீட்டுத்துணி உலர்த்தவே இல்லையே?”

“ஒரு தொல்லை விட்டுதுன்னு இருக்கேன்.”

“நக்கோடி, வேணாம் இந்தப் பேச்செல்லாம். சனிக்கிழமை டாக்டர்கிட்ட போறோம்.”

செகந்திராபாத் டாக்டரம்மா நாடி பார்த்துவிட்டு, “கடைசியா எப்போ வயிறு நிறையச் சாப்பிட்டே?” என்றார். யோசித்தேன். “ஞாபகம் இல்லை” என்றேன்.

“ஓயாத கவலை இருந்தா உடம்பு அதுக்குன்னு ஒரு ஹார்மோனைச் சுரந்துகிட்டே இருக்கும்மா. சிலருக்குப் பசி போயிடும், சிலருக்கு அடங்காத பசி வரும். சாப்பாடு குறைஞ்சா மாசவிலக்கும் நின்னுடும். இது உன் திமிர் இல்ல, நோய்.”

அன்று காலைகூட அதே ஹார்மோனைக் கண்ணாடிக் குழாயில் அளந்திருந்தேன். அது எனக்குள்ளும் ஓடும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

நாளுக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்னார். தோழி எதிரில் உட்கார்ந்துகொள்வாள். அரை இட்லிக்கு அழுதிருக்கிறேன். ஒருநாள் பாலைக் குளியலறையில் கொட்டிவிட்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

அப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். “ஆய்வு மெதுவாக முடியட்டும், நீ சாப்பிடு” என்று பதில் வந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை, பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அடிவயிறு வலித்தது. மாதவிலக்கு திரும்பியிருந்தது. சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். அந்த மிதப்பு இனி வராது என்று ஏக்கமாகவும் இருந்தது.

ஆய்வு முடிய மேலும் இரண்டு வருடமாயிற்று. இப்போதும் கவலை வந்தால் முதலில் பசிதான் போகிறது. உடனே யாரிடமாவது சொல்லிவிடுகிறேன்.