துவைகல்லில் ஒரு துளை

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் ஒரு துவைகல் கிடக்கிறது. முழங்கால் உயரம், கறுப்புக் கல். அதன் ஓரத்தில், பிளேன்டீ குடிக்கிற சின்னக் கிளாஸைச் செருகிவிடலாம் போல வட்டமாக ஒரு துளை. நல்ல கல்லை எந்தப் பாவி இப்படிக் கெடுத்தான் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அந்தப் பாவி அவன் இல்லை, அவள்; நான்தான். துளைக்கச் சொன்னது என் சித்தி.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு பல்கலைக்கழகத்துப் பாறை ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். கல்லின் ஒரு முனையில் ஒலியைச் செலுத்தி, மறுமுனைக்கு அது எவ்வளவு வேகமாகப் போய்ச் சேருகிறது என்று அளப்பது வேலை. உள்ளே விரிசல் இருந்தால், தண்ணீர் ஊறியிருந்தால், எல்லாம் அந்த வேகத்தில் தெரிந்துவிடும். இதே வேலையைச் செய்கிறவர்கள் உலகம் முழுக்கச் சேர்ந்து ஒரு வட்டம் வைத்திருந்தார்கள். வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தன் மண்ணிலிருந்து ஒரு கல்லை அனுப்ப வேண்டும். அது நாடு நாடாகப் போகும், எல்லாரும் அளந்து பார்த்து, யார் கருவி பிசகுகிறது என்று கண்டுபிடிப்பார்கள். கல்லைக் கொடுத்தவரின் பெயரும் ஊரும்தான் கல்லுக்குப் பெயர். அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கமாட்டார்கள். எங்கெங்கோ மீனவர்கள், ஆட்டுக்காரர்கள் பெயரில் எல்லாம் கல் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் மலையின் பெயரில் ஒரு துண்டுகூட இல்லை. எங்கள் தேயிலை போகாத நாடு இல்லை, எங்கள் பெயர் மட்டும் தோட்டத்து வாசலைத் தாண்டாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் எங்கள் மலையில் மேலே கிடைப்பதெல்லாம் மழையில் ஊறி உளுத்த கல். லீவில் வீட்டுக்குப் போய் இதைச் சொல்லிப் புலம்பியபோது, சித்தி துவைத்துக்கொண்டிருந்த சேலையை நகர்த்திவிட்டு, தான் குனிந்து நின்ற கல்லைக் காட்டினாள். ஃபெக்டரி ரோட்டுக்கு வெடி வைத்தபோது உருண்டு வந்ததை எங்கள் ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்து போட்ட கல் அது. தட்டிப் பார்த்தேன், மணி மாதிரிக் கேட்டது. அடுத்த ஞாயிறு, உருளையாக ஒரு துண்டைத் துளைத்தெடுக்க, பெட்ரோலில் ஓடும் சின்னத் துளைக்கருவியோடு போனேன். கருவி சூடாகாமல் இருக்கச் சித்தியே சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். சேறாக வழிந்த தண்ணீரில் அவள் கால் இரண்டும் நரைத்துப்போயின.

மறுநாளே, எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு மேலே போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டார். தோட்டத்துரை ஜீப்பில் வந்து இறங்கினார். தோட்டத்தில் கிடக்கும் கல் எல்லாம் கம்பெனிச் சொத்து, கல் வெளிநாடு போவதென்றால் கம்பெனி பெயரில் போகட்டும், கையெழுத்தைத் தான் போடுகிறேன் என்றார். எங்கள் ஆட்கள் துரைக்கு முன்னால் பேசிப் பழகியவர்கள் இல்லை. சித்தி, மழைக்குப் போர்த்தியிருந்த கொங்காணியைத் தலையிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"நாலு தலமொறையா இந்தக் கல்லுல துணி தொவைக்கிறோம். கம்பெனி ஒரு கைக்குட்டையாச்சும் தொவச்சிருக்குங்களா, தொர?"

துரை ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அடுத்த நாள் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில், எல்லாருக்கும் கொழுந்து பறிக்க மலை பிரித்துக் கொடுத்தபோது, சித்தியின் பெயரை மட்டும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் சேர், எதற்கு வம்பு, கம்பெனி பெயரையே போடு என்றார். கூலி நின்றுபோன வீட்டை நினைத்து நானும் சித்தியிடம் அப்படித்தான் கேட்டேன். அவள் என் கையிலிருந்த கையெழுத்துத் தாளைப் பிடுங்கி, முழுப் பெயரையும் எழுதினாள். அழுத்தி எழுதியதில் தாள் பொத்துக்கொண்டது.

"எழுதிட்டேன். இனி நீ அனுப்பலேன்னா என் மூஞ்சியில முழிக்காத."

அனுப்பினேன். அவளோ காலையில் பெரட்டுக்குப் போய் நிற்பாள், பெயர் வராவிட்டால் நேரே பீலிக்கு வந்து, துணி இருக்கிறதோ இல்லையோ, கீழே துரையின் பங்களா வரைக்கும் கேட்கும்படி ஓங்கி ஓங்கி அடிப்பாள். துளையை அடைக்கக் கண்டாக்கு கொத்தனாரைவிட்டுச் சிமெந்து பூசினார். காய்வதற்குள் சித்தி அதை அகப்பைக் காம்பால் தோண்டி எறிந்தாள். கொழுந்து குவிந்து கிடந்த மாதம் அது. ஒரு காலையில் எங்கள் லயத்துப் பெண்கள் ஒருத்தியும் கூடையை மாட்டவில்லை, அவள் பெயரைக் கூப்பிடுகிற வரைக்கும் மாட்டமாட்டோம் என்று நின்றார்கள். வெயில் ஏறிய பிறகு கண்டாக்கு கூப்பிட்டார்.

சில வருடம் கழித்து, வட்டத்தின் கூட்டமொன்றுக்குக் கடல் கடந்து போனேன். சித்தியின் கல் அதற்குள் பல நாடு சுற்றி அங்கே வந்திருந்தது. அனுப்புவதற்கு முன்பே, அளப்பதற்காக அதன் மேல்முனையை அறுத்துத் தள்ளவேண்டியிருந்தது. அறுத்த வில்லையை நான் எறியாமல் கல்லோடு பெட்டியிலேயே வைத்திருந்தேன். வயதான ஒரு நிபுணர் அதை எடுத்து, பெருவிரலால் தடவிப் பார்த்து, இவ்வளவு வழவழப்பாக எந்த இயந்திரத்தில் தேய்த்தீர்கள் என்று கேட்டார். எங்கள் பெண்கள் துணி துவைத்துத் தேய்த்தது என்றேன். அந்த வில்லை மேசை முழுக்கக் கைமாறியது. ஒவ்வொருவரும் சித்தியின் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பழகினார்கள். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகத் திமிர் வந்தது.

சித்தி இப்போது இல்லை. போன மாதம் போயிருந்தேன். புதிய துரை பீலிக்கரையில் சிமெந்துத் தொட்டி கட்டப்போகிறாராம், கல்லை உடைத்து அப்புறப்படுத்த ஓர் ஆள் வந்து நின்றான். சித்தியின் மருமகள் கல்லின் மேல் போர்வையை விரித்துப் போட்டுத் துவைத்துக்கொண்டே, தொட்டியை அந்தப் பக்கம் கட்டிக்கொள்ளச் சொன்னாள். துளையில் சவர்க்கார நுரை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வந்தவன், படித்தவள் நான் அவளுக்கு எடுத்துச் சொல்வேன் என்று நினைத்து என் முகத்தைப் பார்த்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, போர்வையின் மறுமுனையைப் பிடித்து, பங்களா வரைக்கும் கேட்கும்படி ஓங்கி அடித்தேன்.