ஆராத்தி எடுக்கும் பெண்கள்

சென்ற கோடையில் மகளுக்குக் கலியாணம். புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில் எங்கள் வீடு முழுக்கப் பலகாரம் சுட்ட எண்ணெய் மணம். மாப்பிள்ளை வரும்போது மண்டப வாசலில் ஆராத்தி எடுக்க இரண்டு பெண்கள் வேண்டும். கணவன் உயிரோடு இருப்பவர்கள்தான் எடுக்கலாம்.

“ஒராள் அம்மாதான். நோ டிஸ்கஷன்,” என்றாள் மகள்.

என் கணவர் சிங்கள ஊர் ஒன்றில் வளர்ந்தவர். சிறுவயதில் இனக்கலவரத்தின்போது அவருடைய வீட்டைக் கொளுத்தியவர்கள் அதே தெருவில் அவரோடு கிரிக்கெட் விளையாடியவர்கள். அவரை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்ததும் அதே தெருச் சிங்களத் தாய் ஒருவர்தான். என் கணவர் அந்தத் தாயைத்தான் நினைவில் வைத்திருந்தார். போர் முடிந்த கிழமை, இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதிய வேண்டும் என்று ஆமி ஒலிபெருக்கியில் சொன்னது. இவர் சில மாதம் இயக்கத்துக்கு லொறி ஓடியவர். “பயப்பிடாதை, நான் அவங்களோட சிங்களத்தில கதைப்பன்,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்ட இடமெல்லாம், அப்படி ஒருவர் இல்லை என்றார்கள்.

அவருடைய அக்கா பக்கத்தில் ஒஷாவாவில் இருக்கிறார். “தம்பி இருக்கிறான். தாலியைக் கழட்டிப் போடாதையும்,” என்று இவ்வளவு காலமும் சொல்லிவந்தவர் இந்த மச்சாள்தான். மற்றவர்கள் சொல்வதை விட்ட பிறகும் அவர் விடவில்லை.

கலியாணத்தன்று மண்டபத்தில் என் சேலையைப் பார்த்து, “பொம்பிளை ஆர் எண்டு மாப்பிள்ளை குழம்பப் போறார்,” என்று மச்சாள் பகிடி விட்டார். நானும் சிரித்தேன். வெளியே மேளம் கேட்டது. நான் ஆராத்தித் தட்டைத் தூக்கினேன். மச்சாள் என் முழங்கையைப் பிடித்தார்.

“குறை நினையாதையும் பிள்ளை. உந்தத் தட்டை வேற ஆரிட்டையாவது குடும்.”

“ஏன் மச்சாள்?”

“பெட்டை நல்லா வாழோணும் எல்லே.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சாளும் நம்பவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொடுக்கமாட்டேன் என்று நின்றிருக்கலாம். ஆனால் நாளைக்கு ஏதும் நடந்தால் அது மகளின் தலையில் விடியும்.

“ஓம் மச்சாள்,” என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தட்டைக் கொடுத்தேன்.

“அம்மா, ஏன் நீங்கள் எடுக்கேல்லை?” என்று பிறகு மகள் கேட்டாள்.

“கால் நோகுது.”

“உங்கட கால் கரெக்ட் டைமுக்குத்தான் நோகும்,” என்றாள். கோபம் அவளுக்கு.

சாப்பாட்டில் மச்சாள் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். சோற்றைப் பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

“தம்பிக்கு நாங்கள் ஒரு அந்தியேட்டியும் செய்யேல்லை,” என்றார்.

செத்து முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியை அது. செய்வதென்றால் நாள் பார்க்க வேண்டும். அவர் பஸ் ஏறிய நாள் எனக்குத் தெரியும். செத்த நாள் தெரியாது.